அப்பாவுக்கு 65 வருகிறது, வருடத்தில் நாலைந்து மாதம் யாழ்ப்பாணத்தில்: மெடிக்கெயார் பார்ட் டி எடுக்கத்தான் வேண்டுமா?

கொக்குவில்_மகள்

வணக்கம். அப்பாவும் அம்மாவும் நியூஜேர்சியில் அண்ணாவோடு இருக்கிறார்கள். மார்கழி பிறக்க இங்கே வந்து, நாலைந்து மாதம் நின்றுவிட்டு, வெயில் ஏறத் திரும்பிப் போவார்கள். அப்பா அங்கே ஒரு கடையில் பத்து வருடத்துக்கு மேல் வேலை செய்து வரியும் ஒழுங்காகக் கட்டியவர். வருகிற மே மாதம் அவருக்கு 65. அமெரிக்க அரசின் முதியோர் மருத்துவக் காப்புறுதியான மெடிக்கெயார் கிடைக்கும் என்று கடிதமும் வந்துவிட்டது.

ஆஸ்பத்திரிக்கான பார்ட் ஏ, டொக்டருக்கான பார்ட் பி எடுப்பதில் வீட்டில் பிரச்சினை இல்லை. மருந்துக்கான பார்ட் டி தான் சண்டையாக இருக்கிறது. அண்ணா சொல்வது இதுதான்: அப்பா போடுவது சீனிக்கு மெட்ஃபோர்மின், பிறசருக்கு லொசார்டன், கொழுப்புக்கு அட்டோர்வஸ்டட்டின், இந்த மூன்று குளிசைகள்தானே, அங்கே வோல்மார்ட் மாதிரிக் கடைகளில் சில மருந்துகள் 30 நாளுக்கு 4 டொலருக்கே கிடைக்கும், யாழ்ப்பாணத்தில் இருக்கும்போது இங்கேயே வாங்கலாம், பிறகு ஏன் மாதாமாதம் ஒரு கம்பனிக்குக் காசு கட்ட வேண்டும்? லண்டன் சித்தி சொல்கிறா அங்கே 60 வயதுக்குப் பிறகு மருந்துக்குக் காசே இல்லையாம். ஸ்காபரோ மாமி சொல்கிறா 65 ஆனால் தானாக வந்துவிடுமாம். அமெரிக்காவில் மட்டும் ஏன் இது தனியாக ஒன்று? எடுக்காமல் விட்டால் என்ன ஆகும்? இங்கே வாங்கும் மருந்துக்கு அது காசு தருமா? கடிதங்களை வாசித்து அப்பாவுக்கு விளங்கப்படுத்துவது நான்தான், அதனால் நான் முதலில் சரியாக விளங்கிக்கொள்ள வேண்டும்.

ஸ்காபரோ_அக்கா

தங்கச்சி, மாமி சொன்னது கனடாவில் எங்கள் ஒன்ராறியோ மாகாணத்துக்குச் சரி. இங்கே 65 ஆனவுடன் ஒன்ராறியோ மருந்து நலத்திட்டத்தில் தானாகச் சேர்த்துவிடுவார்கள். வருடத்துக்கு முதல் 100 டொலர் நாங்கள் கட்ட வேண்டும், அதற்குப் பிறகு ஒவ்வொரு மருந்துக்கும் 6 டொலர் 11 சதம் வரை. வருமானம் குறைந்தவர்களுக்கு 2 டொலர்தான். லண்டன் சித்தி சொன்னதும் சரி, இங்கிலாந்தில் 60 வயதிலிருந்து மருந்துத் துண்டுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் இந்த இரண்டையும் வைத்து அமெரிக்காவை யோசிக்காதீர்கள். அங்கே யாரும் தானாகச் சேர்த்துவிடமாட்டார்கள், நாமாகப் போய்த் தெரிவு செய்ய வேண்டும். எங்கள் சனம் கோட்டை விடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். மூன்று நாட்டுச் சொந்தக்காரரும் ஒரே வாட்ஸ்அப் குழுவில் இருந்துகொண்டு ஆளுக்கொரு சட்டம் சொல்ல, கடைசியில் வயதுபோனவர்கள் எதையும் செய்யாமல் விட்டுவிடுகிறார்கள்.

எடிசன்_மருமகன்

நான் நியூஜேர்சியில் மருந்துக்கடையில் வேலை செய்கிறேன். கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்று இதை ஒவ்வொரு நாளும் பார்க்கிறவன் என்பதால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மெடிக்கெயார் 1965 இல் வந்த சட்டம். அப்போது அது ஆஸ்பத்திரிக்கும் டொக்டருக்கும்தான், வீட்டில் போடுகிற குளிசைக்கு இல்லை. மருந்துப் பகுதிக்கு 2003 இல்தான் சட்டம் போட்டார்கள், நடைமுறைக்கு வந்தது 2006 ஜனவரி. அதுவும் அரசாங்கம் நேரே மருந்து கொடுப்பதாக இல்லை. தனியார் காப்புறுதிக் கம்பனிகள் திட்டங்களை விற்கும், அரசு அவற்றுக்கு விதி போட்டு, செலவில் பெரும் பங்கைக் கட்டும். நீங்கள் கேட்ட "ஏன் தனியாக ஒன்று" என்பதற்குப் பதில் இந்த வரலாறுதான்.

எது எதில் வரும்: ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போது கொடுக்கிற மருந்து பார்ட் ஏ. டொக்டரின் இடத்தில் ஏற்றுகிற ஊசி, கீமோ, நெபுலைசரில் போடுகிற மருந்து போன்றவை பார்ட் பி. கடையில் துண்டு கொடுத்து வாங்கி வீட்டில் போடுகிற குளிசை, இன்சுலின் பேனை, இவைதான் பார்ட் டி. விற்றமின், துண்டில்லாமல் வாங்குகிற இருமல் பாணி எல்லாம் எதிலும் வராது.

இனி அண்ணாவின் கேள்வி. மூன்று மலிவுக் குளிசைக்கு ஏன் காப்புறுதி? இன்றைய கணக்குக்கு அவர் சொல்வது சரிதான். ஆனால் பார்ட் டி இல் ஒரு தண்டம் இருக்கிறது. சேரக் கிடைக்கும் முதல் காலம் முடிந்த பிறகு, அதற்கு ஈடான வேறு மருந்துக் காப்புறுதி இல்லாமல் 63 நாளோ அதற்கு மேலோ தொடர்ந்து இருந்தால், இல்லாத ஒவ்வொரு முழு மாதத்துக்கும் நாடு முழுவதற்குமான அடிப்படைக் கட்டணத்தில் நூற்றுக்கு ஒன்று தண்டமாகச் சேரும். 2026 இல் அந்த அடிப்படைக் கட்டணம் 38 டொலர் 99 சதம். அப்பா 40 மாதம் விட்டுவிட்டுச் சேர்கிறார் என்று வையுங்கள், நூற்றுக்கு 40, அதாவது மாதம் 15 டொலர் 60 சதம் கூடுதலாகக் கட்ட வேண்டும். பார்ட் டி இருக்கும்வரை, பெரும்பாலும் ஆயுள் முழுக்க. அடிப்படைக் கட்டணம் ஏற ஏறத் தண்டமும் ஏறும்.

சேரும் காலம் மொத்தம் ஏழு மாதம். 65 ஆகிற மாதம், அதற்கு முன் மூன்று, பின் மூன்று. அப்பாவுக்கு மே என்றால் பெப்ரவரி தொடங்கி ஓகஸ்ட் முடிய. அவர் அப்போது கொக்குவிலில் நின்றாலும் இணையத்தில் செய்யலாம், அதற்காக ரிக்கெற் மாற்றத் தேவையில்லை.

மானிப்பாய்_பெடியன்

தண்டம் தண்டம் என்று பயம் காட்டித்தான் அங்கே எல்லாவற்றையும் விற்கிறார்கள் என்று நினைக்கிறேன். மாதம் 15 டொலர் கூடக் கட்டினால் என்ன? அந்த 40 மாதமும் கட்டாமல் மிச்சம் பிடித்த காசு கையில் இருக்கும்தானே. அப்பா சுகமாக இருக்கிறார். இங்கே வந்தால் பெரியாஸ்பத்திரி கிளினிக்கில் இதே மூன்று மருந்தும் இலவசம்.

திருநெல்வேலி_ரீச்சர்

தம்பி, நீங்கள் சொல்வதுபோல்தான் எங்கள் வீட்டிலும் பேசினோம், அதனால் சொல்கிறேன். என் மாமி மகளோடு அமெரிக்காவில் இருக்கிறா. பிறசர் குளிசை ஒன்றைத் தவிர ஒன்றும் இல்லை, அதனால் மருந்துக் காப்புறுதி வேண்டாம் என்று விட்டார்கள். ஒரு நாள் நெஞ்சு படபடப்பு. இதயத் துடிப்பு ஒழுங்கில்லை, இரத்தம் உறையாமல் இருக்க எலிக்விஸ் போட வேண்டும் என்று எழுதிவிட்டார்கள். காப்புறுதி இல்லாமல் அதன் பட்டியல் விலை அப்போது 30 நாளுக்கு 500 டொலருக்கு மேலாக இருந்தது. சரி, இப்போது சேருவோம் என்று பார்த்தால் நினைத்த மாதத்தில் சேர முடியாது. ஒக்டோபர் 15 இலிருந்து டிசம்பர் 7 வரை கதவு திறக்கும், அப்போது சேர்ந்தாலும் ஜனவரி முதலாம் திகதியிலிருந்துதான் செல்லும். இது நடந்தது பங்குனியில். மிச்ச மாதங்கள் முழுக்கக் கைக்காசு. டொக்டர் மாதிரிக்குக் கொடுத்ததும் பிள்ளைகள் போட்டதுமாக ஓடியது. மாமி ஒரு குளிசையைப் பாதியாக உடைத்துப் போட்டதை மகள் பிறகுதான் கண்டுபிடித்தா. உறைதலைத் தடுக்கிற மருந்தில் அப்படிச் செய்தால் பக்கவாதம் வரை போகலாம்.

தண்டத்தைவிட எனக்குப் பயம் இதுதான். வருத்தம் வந்த பிறகு கதவைத் தட்டினால் திறக்கமாட்டார்கள்.

எடிசன்_மருமகன்

ரீச்சர் சொன்னதுதான் முழுக் கதையும். அண்ணாவிடம் இதைக் காட்டுங்கள். மலிவான மூன்று குளிசைக்காகப் பார்ட் டி எடுக்கச் சொல்லவில்லை, நாலாவது குளிசைக்காகத்தான். அந்த நாலாவது எது என்று 65 வயதில் யாருக்கும் தெரியாது.

மானிப்பாய்த் தம்பிக்கு இன்னொன்று. செலவைக் குறைக்க வழி இருக்கிறது. சில இடங்களில் மாதக் கட்டணமே 0 டொலரில் தனி மருந்துத் திட்டங்கள் கிடைக்கின்றன, பல இடங்களில் சில டொலரில் இருக்கின்றன. குறைந்த கட்டணத்தில் ஒன்றில் பெயரைப் போட்டு வைத்தால் தண்டமும் இல்லை, அடுத்த வருடம் தேவைக்கேற்ப மாறிக்கொள்ளவும் முடியும். வேலைத்தல மருந்துக் காப்புறுதி இருப்பவர்கள் அவசரப்படத் தேவையில்லை. ஆனால் அந்தக் காப்புறுதி பார்ட் டி க்கு ஈடானதா என்று ஒவ்வொரு வருடமும் ஒக்டோபர் 15 க்கு முன் கடிதம் தருவார்கள், அதை எறியாமல் வையுங்கள். பிறகு தண்டம் இல்லை என்று காட்ட அந்தத் துண்டுதான் சாட்சி.

கொக்குவில்_மகள்

அண்ணை, ரீச்சர், மிக்க நன்றி. அண்ணாவுக்கு அனுப்பிவிட்டேன். இப்போது அவர் கேட்பது: மருந்து வாங்கும்போது கையிலிருந்து எவ்வளவு போகும்? டிடக்டிபிள், ஒவ்வொரு மருந்துக்கும் நாம் கட்டுகிற கோபே, டோனட் ஹோல் என்று ஒவ்வொருவர் ஒவ்வொன்று சொல்கிறார்கள். அம்மாவுக்கு 61, அப்பாவின் திட்டத்தில் அவவையும் சேர்க்கலாமா?

எடிசன்_மருமகன்

அம்மாவைச் சேர்க்க முடியாது. மெடிக்கெயாரில் குடும்பத் திட்டம் என்று ஒன்று இல்லை, ஒவ்வொருவருக்கும் தனி அட்டை. அவவுக்கு 65 ஆகும்போது அப்பாவின் வேலைக் கணக்கைக் காட்டி பார்ட் ஏ யை மாதக் கட்டணம் இல்லாமல் எடுக்கலாம். ஆனால் பார்ட் பி க்கும் டி க்கும் அவவுக்குத் தனியாகக் கட்ட வேண்டும்.

செலவு 2026 இல் இப்படி. வருடத் தொடக்கத்தில் நாமே முழுதாகக் கட்டுகிற முதல் தொகைதான் டிடக்டிபிள். அது 615 டொலருக்கு மேல் போகக்கூடாது. பல திட்டங்களில் மலிவு மருந்துகளுக்கு அது பொருந்தாது, அப்பாவின் மூன்று குளிசையும் அநேகமாக அந்த மலிவு வகையில்தான் வரும். அது முடிந்ததும் நிலையான திட்டத்தில் மருந்து விலையில் நூற்றுக்கு 25 நாங்கள், மிச்சம் திட்டம். அப்படிக் கட்டிக்கட்டி எங்கள் கைச்செலவு 2100 டொலரைத் தொட்டால், அந்த வருடம் முடியும்வரை திட்டத்தின் மருந்துப் பட்டியலிலுள்ள மருந்துக்கு ஒரு சதமும் கட்டத் தேவையில்லை. 2025 இல் இது 2000 ஆக இருந்தது. டோனட் ஹோல் என்று, நடுவில் காப்புறுதி குறைந்திருந்த பள்ளமும் 2025 ஜனவரியோடு மூடப்பட்டுவிட்டது. பழைய ஆட்கள் இன்னும் அதைச் சொல்லிப் பயப்படுத்துகிறார்கள், இப்போது அது இல்லை.

ஜனவரியிலேயே பெரிய தொகை கட்டக் கஷ்டம் என்றால், திட்டத்திடம் கேட்டு மாதாமாதமாகப் பிரித்துக் கட்டலாம், வட்டி கிடையாது. இதையும் நாமாகக் கேட்டுச் சேர வேண்டும். இன்சுலின் பட்டியலில் இருந்தால் மாதத்துக்கு 35 டொலருக்கு மேல் வாங்கக்கூடாது, 2023 இலிருந்து அப்படி. அக்கி அம்மைத் தடுப்பூசி போன்ற, வளர்ந்தவர்களுக்குப் பரிந்துரைத்த தடுப்பூசிகளுக்கும் பார்ட் டி இல் நாம் காசு கட்டத் தேவையில்லை.

அண்ணாவுக்கு முக்கியமாகச் சொல்லுங்கள்: மாதக் கட்டணத்தை மட்டும் பார்த்துத் திட்டம் எடுக்க வேண்டாம். ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒரு மருந்துப் பட்டியல் இருக்கிறது, அது விலைப்படி தட்டுத் தட்டாகப் பிரிந்திருக்கும். ஒரே குளிசை ஒரு கம்பனியில் முதலாம் தட்டு, இன்னொன்றில் மூன்றாம் தட்டு, வேறொன்றில் பட்டியலிலேயே இல்லை. அதோடு சில மருந்துக்கு முன் அனுமதி கேட்பார்கள், சிலதுக்கு முதலில் மலிவானதைப் போட்டுப் பார், சரிவராவிட்டால் இதைத் தருகிறோம் என்பார்கள். மெடிக்கெயார் இணையத்தளத்தில் திட்டம் தேடும் பக்கத்தில் மருந்தின் பெயர், அளவு, எந்தக் கடை என்று மூன்றையும் போட்டால் வருடம் முழுதுக்குமான மொத்தச் செலவைக் காட்டும். பார்க்க வேண்டிய எண் அதுதான். ஒவ்வொரு ஒக்டோபரிலும் திரும்பப் போட்டுப் பாருங்கள், ஏனென்றால் பட்டியல் ஒவ்வொரு வருடமும் மாறும்.

சுன்னாகம்_ஓய்வு_மருந்தாளர்

நான் அரசாங்க வைத்தியசாலைகளில் மருந்து கொடுத்து ஓய்வு பெற்றவன். அமெரிக்கச் சட்டம் பற்றி இங்கே எழுதியவர்கள் விளக்கமாக எழுதியிருக்கிறார்கள். நான் யாழ்ப்பாணத்துப் பக்கத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் பிழை நடப்பது இரண்டு நாட்டுக்கும் நடுவில்.

மகளே, அப்பா அங்கிருந்து வரும்போது போத்தலில் வணிகப் பெயர் இருக்கும். இங்கே கிளினிக் கொப்பியில் பொதுப்பெயரில் எழுதுவார்கள். லிப்பிற்றர் என்று அங்கே கொடுத்ததும் அட்டோர்வஸ்டட்டின் என்று இங்கே கொடுப்பதும் ஒன்றே. இது தெரியாமல் "அமெரிக்க மருந்து காலையில், ஊர் மருந்து இரவில்" என்று இரண்டையும் போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். கொழுப்புக் குளிசையில் தசைநோவு வரும், பிறசர் குளிசையில் தலைசுற்றி விழுவார்கள், சீனிக் குளிசையில் சிலது சீனியை ஆபத்தாக இறக்கிவிடும். விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் அந்த வயதில் அதுவே பெரிய கதை. ஆகவே ஒரு தாளில் ஒவ்வொரு மருந்தின் பொதுப்பெயர், மில்லிகிராம், நேரம் மூன்றையும் எழுதி, கடவுச்சீட்டோடு வையுங்கள். இங்குள்ள டொக்டருக்கும் அதையே காட்டுங்கள், அங்கு திரும்பிப் போனதும் அங்குள்ளவருக்கும் அதையே காட்டுங்கள்.

கிளினிக்கில் இலவசம் என்று தம்பி ஒருவர் எழுதியிருக்கிறார். உண்மை, அது இந்த நாட்டின் பெரிய சொத்து, அதற்காகத்தான் நான் வாழ்நாள் முழுவதும் வேலை செய்தேன். ஆனால் அன்றைக்கு மருந்து இல்லையென்றால் வெளியில் வாங்கத் துண்டு எழுதித் தருவார்கள். 2022 இல் என்ன பாடுபட்டோம் என்று எல்லோருக்கும் தெரியும், வெளிநாட்டுப் பிள்ளைகள் பார்சலில் குளிசை அனுப்பித்தான் பல வீடுகளில் நாள் போனது. கிளினிக் என்பது வரிசையாக வந்து, ஒரே டொக்டர் குழு பார்த்து, சீனியும் பிறசரும் எழுதி வைத்துத் தருகிற சிகிச்சை. நாலு மாதம் வந்து போகிறவர் அதை மருந்துக் களஞ்சியமாக மட்டும் பாவித்தால், நாள்தோறும் அதையே நம்பியிருக்கிற அயலட்டை ஆட்களின் பங்கில்தான் கை வைக்கிறார். வசதியுள்ளவர்கள் அரச மருந்துக்கடையான ஒசுசலவிலோ தனியார் மருந்துக்கடையிலோ வாங்கலாம். அமெரிக்க விலையோடு பார்த்தால் இந்த மூன்று மருந்தும் இங்கே பெரிய செலவில்லை.

மானிப்பாய்_பெடியன்

ஐயா சொன்ன கடைசிப் பந்தி எனக்கு உறைக்கிறது, அதை நான் அப்படி யோசிக்கவில்லை. சரி, ஆனால் ஒரு கேள்வி எல்லோருக்கும். உலகத்திலேயே பணக்கார நாடு, ஏன் ஒரு மருந்துக்கு மாதம் 500 டொலர்? இங்கே அதே வகை மருந்து இந்தியத் தயாரிப்பில் எவ்வளவோ மலிவாகக் கிடைக்கிறது.

எடிசன்_மருமகன்

தம்பி, முக்கியமான காரணம் ஒன்று சட்டத்திலேயே இருந்தது. 2003 இல் பார்ட் டி யைக் கொண்டுவந்தபோது, அரசாங்கம் மருந்துக் கம்பனிகளோடு விலை பேசக்கூடாது என்று அதே சட்டத்தில் எழுதினார்கள். கோடிக்கணக்கான முதியவர்களுக்காக வாங்குகிற ஆள் விலை பேச முடியாது. ஒவ்வொரு காப்புறுதிக் கம்பனியும் தனித்தனியாகப் பேசிக்கொள்ள வேண்டும். 2022 இல் வந்த சட்டம்தான் அதை ஓரளவு உடைத்தது. முதல் பத்து மருந்துகளுக்கு அரசு நேரே பேசிய விலை 2026 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. ரீச்சரின் மாமி போடுகிற எலிக்விஸ் அதில் ஒன்று, 30 நாளுக்கு பட்டியல் விலை 521 டொலராக இருந்தது, அரசு பேசிய விலை 231. சீனிக்குப் போடுகிற ஜனூவியா 527 இலிருந்து 113. அடுத்த பதினைந்து 2027 இல், சீனிக்குப் போடுகிற ஒசெம்பிக் ஊசி அதற்குள் இருக்கிறது. மற்றபடி புதிய மருந்துகளுக்குக் காப்புரிமை இருக்கும்வரை வேறு ஆள் செய்து விற்க முடியாது, அதனால் விலை இறங்காது.

சுன்னாகம்_ஓய்வு_மருந்தாளர்

இதை வாசிக்க எனக்குச் சேனக பிபிலேயின் நினைவு வருகிறது. பேராசிரியர் பிபிலே 1970 களின் தொடக்கத்தில் செய்தது இதுதான். நாட்டுக்குத் தேவையான மருந்துகளை ஒரு பட்டியலாக்கி, பொதுப்பெயரில், உலகம் முழுக்க விலை கேட்டு, ஒரே கையால் மொத்தமாக வாங்குவது. 1971 இல் அமைந்த அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் அதற்காகத்தான். பெரிய கம்பனிகள் அதை எவ்வளவு எதிர்த்தன என்று எங்களுக்கு வகுப்பிலேயே சொல்லித் தந்தார்கள். ஒரு சிறிய ஏழை நாடு அன்றைக்கு எடுத்த முடிவைப் பெரிய நாடு அரை நூற்றாண்டு கழித்துப் பத்து மருந்துக்கு எடுத்திருக்கிறது. நாங்கள் பிறகு அந்தக் கொள்கையைத் தளரவிட்டதும் உண்மை, அதற்கு நான் இன்றைக்கும் வருந்துகிறேன். எங்கள் பிள்ளைகள் இதைப் படிக்க வேண்டும்.

கொக்குவில்_மகள்

ஐயா, மருந்துப் பெயர்த் தாளை இன்றைக்கே எழுதுகிறேன். ஒன்று மட்டும் இன்னும் தெளிவில்லை. அப்பா இங்கே நிற்கும்போது பார்ட் டி அட்டையைக் காட்டி வாங்கினால், அல்லது பற்றுச்சீட்டை அனுப்பினால், காசு திரும்பி வருமா? இல்லையென்றால் நாலைந்து மாத மருந்தை அங்கிருந்தே கொண்டு வரலாமா? இங்கேயே நிரந்தரமாகத் தங்குவது பற்றியும் அம்மா சில நேரம் கதைக்கிறா.

எடிசன்_மருமகன்

வராது. அமெரிக்காவுக்கு வெளியே வாங்கிய மருந்துக்கு மெடிக்கெயார் காசு தராது. யாழ்ப்பாணத்தில் செலவழித்தது அந்த 2100 டொலர்க் கணக்கிலும் சேராது. சில மேலதிகக் காப்புறுதித் திட்டங்களில் வெளிநாட்டு அவசர சிகிச்சைக்கு மட்டும் ஒரு பங்கு கிடைக்கும். பயணத்தின் முதல் 60 நாளுக்குள் நடந்த அவசரத்துக்குத்தான் அது, மாதாந்தக் குளிசைக்கு இல்லை. ஆகவே யாழ்ப்பாணத்துச் செலவைத் தனியாக நினைத்துக்கொள்ளுங்கள்.

கொண்டு வருவது பற்றி: 90 நாள் மருந்தை ஒரே தடவையில் எடுக்கப் பெரும்பாலான திட்டங்கள் விடுகின்றன. அதற்கு மேல் வேண்டுமென்றால், பயணம் போகிறேன் என்று திட்டத்துக்கு அழைத்துச் சொன்னால் சிலர் முன்கூட்டியே எடுக்க அனுமதிப்பார்கள். பயணத்துக்கு முதல் நாள் கடைக்கு ஓடி வருகிறவர்களுக்கு நான் கையை விரிக்க வேண்டியிருக்கிறது, மூன்று நாலு கிழமைக்கு முன்னமே கேளுங்கள். தபாலில் மருந்து அனுப்பும் திட்டங்கள் அமெரிக்க முகவரிக்குத்தான் அனுப்பும். எடுத்து வருவதை அசல் போத்தலில், கைப்பையில், டொக்டரின் துண்டோடு கொண்டு வாருங்கள்.

திட்டம் தெரிவு செய்யும்போது ஒரு கவனம். மெடிக்கெயார் அட்வான்டேஜ் என்று எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டித் தருகிற வகையில், பொதுவாக ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து அந்தப் பகுதியில் இல்லாவிட்டால் திட்டத்திலிருந்து எடுத்துவிடுவார்கள். நாலைந்து மாதம் என்றால் தப்பும். ஆனால் ரிக்கெற்றைத் தள்ளிப்போட்டு ஏழாவது மாதம் நின்றால் சிக்கல். வந்து போகிறவர்களுக்கு ஏ, பி கொண்ட பழைய மெடிக்கெயாரும் தனி மருந்துத் திட்டமும் வசதி என்பது என் அபிப்பிராயம்.

யாழ்ப்பாணத்துக்கு நிரந்தரமாகக் குடிவந்தால் பார்ட் டி வைத்திருக்கவே முடியாது, அமெரிக்காவில் வசிப்பவர்களுக்குத்தான் அது. திரும்பிப் போய்க் குடியேறினால் இரண்டு மாத அவகாசம் தருவார்கள், அதற்குள் சேர்ந்தால் வெளிநாட்டில் வாழ்ந்த காலத்துக்குத் தண்டம் இல்லை. பார்ட் பி அப்படியில்லை. அதை நிறுத்தினால் திரும்பச் சேரும்போது, இல்லாத ஒவ்வொரு 12 மாதத்துக்கும் நூற்றுக்கு 10 கூடும். அதனால் அம்மா கதைப்பது உறுதியானால் அதற்கு முன் ஒருமுறை ஆலோசனை கேளுங்கள். ஷிப் என்று ஒவ்வொரு மாநிலத்திலும் இலவச ஆலோசனைச் சேவை இருக்கிறது, அவர்கள் எந்தக் கம்பனிக்கும் ஆள் பிடிப்பவர்கள் இல்லை. மெடிக்கெயார் தொலைபேசி 1-800-633-4227, தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம்.

நியூஜேர்சி என்பதால் இன்னொன்றும் இருக்கிறது, இதைத் தெரியாமல் பலர் விடுகிறார்கள். வருமானம் குறிப்பிட்ட எல்லைக்குள் இருந்தால், 65 வயதானவர்களுக்கு மாநிலமே பாட் என்ற உதவித் திட்டம் நடத்துகிறது. அதில் சேர்ந்தால் பொதுப்பெயர் மருந்துக்கு 5 டொலர், வணிகப் பெயருக்கு 7 டொலர். அதற்கும் முதலில் பார்ட் டி இல் சேர்ந்திருக்க வேண்டும். மத்திய அரசின் எக்ஸ்ட்ரா ஹெல்ப் என்ற உதவியும் வருமானமும் சேமிப்பும் குறைந்தவர்களுக்கு உண்டு. எங்கள் ஆட்கள் உதவி கேட்பதை மானப் பிரச்சினையாக நினைக்கிறார்கள். வரி கட்டிய மனிதருக்கு அது உரிமை, தயவுசெய்து விண்ணப்பியுங்கள்.

கொக்குவில்_மகள்

அண்ணாவோடு இப்போதுதான் கதைத்தேன். பெப்ரவரியிலேயே சேர்க்கிறோம், தனி மருந்துத் திட்டம்தான். பாட் விண்ணப்பத்தையும் அவர் எடுத்துவிட்டார். எல்லோருக்கும் நன்றி.

ஸ்காபரோ_அக்கா

நல்லது தங்கச்சி. என் சிநேகிதி ஒருத்தி பாஸ்டனில், அவவின் அம்மாவுக்காக இதையும் கேட்டுவிடுகிறேன். பழைய திட்டத்தில் வந்த நெஞ்சு மருந்து இந்த ஜனவரியில் பட்டியலிலிருந்து போய்விட்டதாம். கடைக்குப் போன இடத்தில்தான் தெரிந்திருக்கிறது. திரும்ப ஒக்டோபர் வரை காத்திருப்பதா?

எடிசன்_மருமகன்

காத்திருக்க வேண்டாம் அக்கா. ஜனவரியில் பட்டியல் மாறி மருந்து விடுபட்டால், வருடத்தின் முதல் 90 நாளுக்குள் ஒரு மாத மருந்தைத் தற்காலிகமாகத் தர வேண்டும் என்று விதி இருக்கிறது. கடையில் அதன் பெயர் ட்ரான்சிஷன் ஃபில், அந்தச் சொல்லையே சொல்லிக் கேட்கச் சொல்லுங்கள். அந்த ஒரு மாதத்துக்குள் டொக்டரிடம், வேறு மருந்து இவவுக்குச் சரிவராது என்று காரணம் எழுதி வாங்கித் திட்டத்துக்கு விதிவிலக்குக் கேட்டு அனுப்ப வேண்டும். டொக்டரின் கடிதம் போய்ச் சேர்ந்ததிலிருந்து 72 மணித்தியாலத்துக்குள் பதில் வர வேண்டும். தாமதித்தால் உயிருக்கு ஆபத்து என்று டொக்டர் குறிப்பிட்டால் 24 மணித்தியாலம். மறுத்தாலும் மேல்முறையீடு உண்டு, முதல் "இல்லை" யோடு விட்டுவிட வேண்டாம். நெஞ்சு மருந்து என்கிறீர்கள், இன்றைக்கே கடைக்குப் போகச் சொல்லுங்கள், பழைய போத்தலையும் கொண்டு போகட்டும்.